மூன்று தடவை கேட்காமல் ஒரு பாட்டை ஒதுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திரையிசை பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும், ‘இப்போது வருகிற பாட்டு எதுவும் மனசில் நிற்பதில்லை’ என்ற குறை ஒன்று தவறாமல் வந்து சேர்கிறது. பழைய பாடல்களைப் பற்றிப் பேசும்போதும் இதே கதைதான். ‘அந்தப் படத்தில் அந்த ஒரு பாட்டுதான் தேறும்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஓர் ஆல்பத்தில் ஐந்தாறு பாட்டு இருக்கிறது. ஒன்றோ இரண்டோ ஊர் முழுக்க ஒலிக்கிறது. மீதியை முழுதாக ஒரு தடவைகூடக் கேட்காமலேயே நாம் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். பாட்டின் தரத்தைவிட, நாம் கேட்கும் விதமும் கேட்கும் கருவியின் அமைப்பும்தான் இந்தத் தீர்ப்பை எழுதுகின்றன என்பது என் உறுதியான கருத்து. மாற்றிக்கொள்வது கடினமல்ல என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பாட்டின் நேரக் கணக்கு. பல்லவி, இரண்டு சரணம் என்று அமைந்த திரைப்பாடல் பெரும்பாலும் நான்கிலிருந்து ஐந்து நிமிடம் ஓடும். தொடக்க இசைக்கு 20 முதல் 40 வினாடி. பல்லவி முடியும்போது ஒரு நிமிடம் தாண்டியிருக்கும். பிறகு முதல் இடையிசை, முதல் சரணம், மறுபடி பல்லவியின் முதல் வரி. இரண்டாவது இடையிசை வரும்போது இரண்டரை நிமிடம் கடந்திருக்கும். இளையராஜாவின் பாடல்களில் முதல் இடையிசையும் இரண்டாவதும் ஒன்றாக இருப்பது அபூர்வம். முதலாவதில் புல்லாங்குழல் முன்னால் நின்றால் இரண்டாவதில் வயலின் கூட்டம் வந்து நிற்கும். சில பாடல்களில் தாளத்தின் நடையே அங்கே மாறிவிட்டுச் சரணத்தில் திரும்பும். பத்து வினாடியில் அடுத்த பாட்டுக்குத் தாவுகிறவர் காதில் இதில் எதுவும் விழுவதில்லை, பாடகரின் குரல்கூட. அவர் கேட்டது தொடக்க இசையில் பாதி. அதை வைத்துக்கொண்டு பாட்டு பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது.

இணையத்தில் பாட்டு கேட்கும் செயலியான ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 30 வினாடி ஓடினால்தான் அது ஒரு தடவை கேட்கப்பட்டதாகக் கணக்கில் ஏறும். கேட்பவர் முதல் அரை நிமிடத்துக்குள் ஓடிவிடக் கூடாது என்ற கவலை இசையமைப்பவருக்கும் வந்துவிட்டது. தொடக்க இசை சுருங்குவதற்கும், கொக்கி போன்ற ஒரு வரி எடுத்த எடுப்பிலேயே வருவதற்கும் இது ஒரு காரணம். நம் பொறுமைக் குறைவு பாட்டின் உருவத்தையே மாற்றுகிறது. பிறகு ‘ஆர்ப்பாட்டமாகவே ஆரம்பிக்கிறார்கள்’ என்று குறை சொல்வதும் நாமே.

சில ஆல்பங்களை எடுத்துப் பார்ப்போம். 1980இல் வந்த ‘நிழல்கள்’ படத்தின் ஆல்பத்தில் இருப்பது நான்கே பாட்டு. ‘இது ஒரு பொன்மாலைப் பொழுது’, ‘பூங்கதவே தாழ் திறவாய்’, ‘மடை திறந்து’ என்று மூன்றை யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். நான்காவது எஸ். ஜானகி தனியாகப் பாடிய ‘தூரத்தில் நான் கண்ட உன் முகம்’. இதே ஆல்பத்தைக் கொண்டாடுகிற பலருக்கு இப்படி ஒரு பாட்டு இருப்பதே தெரியாது. மற்ற மூன்றைப் போல அது முதல் தடவையிலேயே கைகுலுக்கும் பாட்டு இல்லை. மெட்டு எங்கே போகிறது என்று பிடிபடவே இரண்டு தடவை வேண்டும். அதன் பிறகு ஜானகி ஒரு வரியை எங்கே இழுக்கிறார், எங்கே மூச்சை விடுகிறார் என்று காது தானாகக் காத்திருக்கத் தொடங்கும்.

1991இல் வந்த ‘தளபதி’ இன்னொரு வகை. அந்த ஆல்பத்தில் யேசுதாஸும் ஜானகியும் பாடிய ‘புத்தம் புது பூ பூத்ததோ’ படத்தில் இடம்பெறவில்லை. படத்தில் வராத பாட்டுக்குக் காட்சி இல்லை. காட்சி இல்லாவிட்டால் தூர்தர்ஷனின் ‘ஒலியும் ஒளியும்’ நிகழ்ச்சியில் இடமில்லை, பின்னால் வந்த தனியார் சேனல்களிலும் இல்லை. ‘ராக்கம்மா கையத் தட்டு’ பாட்டைக் கண்ணால் நூறு தடவை பார்த்த தலைமுறை, அதே ஆல்பத்தின் இந்தப் பாட்டைக் காதால் ஒரு தடவை கேட்க வாய்ப்பில்லாமலே வளர்ந்தது. ஒலிநாடா வாங்கியவர்களுக்கு மட்டும் அது சொந்தமாக இருந்தது. இதில் பாட்டின் குறை என்று எதைச் சொல்வது?

விருது கிடைத்தால்கூடப் போதாது. 1994ஆம் ஆண்டுக்கான சிறந்த பின்னணிப் பாடகர் தேசிய விருதை பி. உன்னிகிருஷ்ணன் இரண்டு பாடல்களுக்காகப் பெற்றார். ஒன்று ‘காதலன்’ படத்தின் ‘என்னவளே’. மற்றது ‘பவித்ரா’ படத்தின் ‘உயிரும் நீயே’. இரண்டுக்கும் இசை ஏ.ஆர். ரகுமான், இரண்டும் வைரமுத்து எழுதியவை. முதலாவது தமிழ் தெரியாதவர்களையும் எட்டியது. அன்னையைப் பற்றிய இரண்டாவது பாட்டு, தேடிப் போகிறவர்களுக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. படம் ஓடினால் பாட்டும் ஓடும், படம் ஓடாவிட்டால் ஆல்பத்தோடு சேர்த்துப் புதைந்துபோகும்.

பிரபலம் என்பது எவ்வளவு தற்செயலானது என்பதற்கு ஓர் ஆய்வு உண்டு. மேத்யூ சால்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகிய மூவரும் 2006இல் ‘சயின்ஸ்’ இதழில் அதை வெளியிட்டார்கள். பெயர் தெரியாத குழுக்களின் 48 பாட்டுகளை ஓர் இணையதளத்தில் வைத்து, 14,000க்கும் மேற்பட்டவர்களைக் கேட்க வைத்தார்கள். ஒரு பகுதியினருக்குப் பாட்டின் பெயர் மட்டும் தெரியும். மற்றவர்களை எட்டுத் தனித்தனிக் கூட்டங்களாகப் பிரித்து, அந்தந்தக் கூட்டத்தில் ஒவ்வொரு பாட்டும் எத்தனை தடவை இறக்கிக்கொள்ளப்பட்டது என்ற எண்ணிக்கையையும் காட்டினார்கள். பாட்டுகள் எல்லாக் கூட்டத்துக்கும் ஒன்றே. ஆனால் எண்ணிக்கையைப் பார்த்த கூட்டங்களில் முன்னால் இருந்தது மேலும் முன்னால் ஓடியது, பின்தங்கியது மேலும் பின்தங்கியது. ஒரு கூட்டத்தில் கொடிகட்டிய பாட்டு இன்னொரு கூட்டத்தில் நடுவில் கிடந்தது. மிக நல்லவை அடிமட்டத்துக்குப் போனது குறைவு, மிக மோசமானவை உச்சிக்குப் போனதும் குறைவு. இடைப்பட்டவற்றின் தலையெழுத்தை எண்ணிக்கையே எழுதியது. யூட்யூபில் பார்வை எண்ணிக்கையைப் பார்த்துவிட்டுப் பாட்டைத் தொடுகிற நாம் ஒவ்வொருவரும் அப்படி ஒரு கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது, 1968இல் உளவியலாளர் ராபர்ட் ஜயான்ஸ் எழுதிய கட்டுரை. ஒரு பொருளைத் திரும்பத் திரும்ப எதிர்கொண்டாலே அதன்மீது விருப்பம் கூடுகிறது என்பதை அவர் சோதனைகளால் காட்டினார். ‘கேட்கக் கேட்கப் பிடிக்கும்’ என்று நம் வீடுகளில் சொல்வதும் இதைத்தான். ஹிட்டான பாட்டை டீக்கடையிலும் பேருந்திலும் கல்யாண மண்டபத்திலும் நாம் கேட்காமலே இருபது தடவை கேட்டுவிடுகிறோம். அதன் பக்கத்தில் இருக்கும் பாட்டுக்கு ஒரே ஒரு தடவை, அதுவும் அரைகுறையாக வாய்ப்பு கொடுத்துவிட்டு இரண்டையும் ஒப்பிடுவது நியாயமாகாது. ஒதுக்கப்பட்ட எல்லாப் பாட்டும் ரத்தினம் என்று நான் சொல்ல வரவில்லை. நிரப்புவதற்காகப் போட்ட பாட்டு எல்லாக் காலத்திலும் உண்டு. எது நிரப்பல், எது தவறவிட்டது என்று பிரித்துப் பார்க்கக் குறைந்தது மூன்று முழுக் கேட்பு வேண்டும் என்பதுதான் என் வாதம்.

அந்த மூன்று தடவையையும் ஒரே மூச்சில் செலவழிக்கக் கூடாது. ஒரே நாளில் மூன்று தடவை கேட்டால் மூன்றாவது தடவை சலிப்புதான் மிஞ்சும். இரண்டு நாள் இடைவெளி விட்டால், நடுவில் மெட்டின் ஒரு துண்டு தானாக நாக்கில் வந்து நிற்கும். எந்தத் துண்டு வந்தது என்பதே அந்தப் பாட்டைப் பற்றி நிறையச் சொல்லும். ஒரு வாரத்துக்கு ஓர் ஆல்பம் என்பது சரியான அளவு. ஆறு பாட்டு என்றால் முழுதாகக் கேட்க 28, 30 நிமிடம். வாரத்துக்கு மூன்று தடவை என்றால் ஒன்றரை மணி நேரம். ஒரு சினிமாவைவிடக் குறைவு.

முதல் தடவை ஆல்பத்தை வரிசையாக ஓட விடுங்கள். எதையும் தாண்டாதீர்கள், எதையும் திரும்பப் போடாதீர்கள். போனைக் கவிழ்த்து வைத்துவிடுவது நல்லது. எண்ணிக்கையும் கண்ணில் படாது, அடுத்தது என்ற பொத்தானும் கையில் படாது. ஆல்பத்தில் ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த பாட்டு ஒன்று இருந்தால், அதை இந்தத் தடவை கடைசிக்குத் தள்ளிவிடலாம். தெரிந்த பாட்டு முடிந்த கையோடு தெரியாத பாட்டு வந்தால் அது வெளிறித்தான் கேட்கும். பழகிய மெட்டைக் காது முன்கூட்டியே எதிர்பார்த்து மகிழ்கிறது. புது மெட்டில் அந்த எதிர்பார்ப்புக்கு இன்னும் இடம் ஏற்படவில்லை. ஆல்பங்களில் ஹிட் பாட்டை முதலில் வைக்கும் வழக்கம் இருப்பதால் இரண்டாவது பாட்டுக்குத்தான் பெரும்பாலும் இந்த அடி விழுகிறது.

இரண்டாவது தடவை குரலையும் வரியையும் மட்டும் பின்தொடருங்கள். வரிகளைத் தாளிலோ திரையிலோ பார்த்துக்கொண்டு கேட்பதாக இருந்தால் ஓர் எச்சரிக்கை. இணையத்தில் கிடைக்கும் பாடல் வரிகளில் பாதிக்குமேல் யாரோ காதால் கேட்டுத் தட்டச்சு செய்தவை போலத்தான் இருக்கின்றன. லகர ளகர ழகரக் குழப்பம் போக, சொல்லே மாறிக் கிடக்கும். முதலில் கேட்டு, உங்கள் காதுக்கு என்ன விழுகிறது என்று முடிவுசெய்துகொண்டு, சந்தேகத்துக்கு மட்டும் எழுத்தைப் பாருங்கள். முதலிலேயே எழுத்தைப் பார்த்தால் தப்பான சொல்தான் காலத்துக்கும் காதில் நிற்கும்.

மூன்றாவது தடவை குரலை விட்டுவிடுங்கள். பேஸ் கிட்டார் மட்டும், அல்லது தபலா மட்டும், அல்லது வயலின்கள் மட்டும் என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு தொடக்கம் முதல் முடிவு வரை போங்கள். பலருக்கு இந்தத் தடவைதான் பாட்டு திறந்துகொள்கிறது. வார்த்தை இல்லாத இசையைக் கேட்டுப் பழக்கமில்லாததால் இது சிரமமாகத் தோன்றினால், இளையராஜா 1986இல் திரைப்படத்துக்கு வெளியே செய்த ‘ஹவ் டு நேம் இட்’ ஆல்பத்தில் பயிற்சி எடுக்கலாம். தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் (Bach) என்பவருக்கும் காணிக்கையாக்கப்பட்ட அந்த ஆல்பத்தில் வி.எஸ். நரசிம்மனின் வயலின் எங்கே தனித்து ஒலிக்கிறது, எங்கே கூட்டத்தில் கலக்கிறது என்று பின்தொடர்வதே போதும். 1988இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு வந்த ‘நத்திங் பட் விண்ட்’ அதற்கு அடுத்தது. மூன்று தடவைக்குப் பிறகும் ஒரு பாட்டு ஒட்டவில்லை என்றால் தாராளமாக விட்டுவிடுங்கள். அந்தத் தீர்ப்புக்கு மதிப்பு உண்டு.

கருவியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதிகம் கெடுவது இங்கேதான். போனின் ஸ்பீக்கரில் பாட்டு கேட்பவர் பாதிப் பாட்டைத்தான் கேட்கிறார். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியை எங்கும் விரலால் அழுத்தாமல் மீட்டினால் எழும் அதிர்வு வினாடிக்கு 41. போனில் இருக்கும் விரல் நுனி அளவு ஸ்பீக்கருக்குச் சில நூறு அதிர்வுகளுக்குக் கீழே சக்தி கிடையாது. ஆர்ப்பாட்டமான பாட்டில் இது பெரிதாகத் தெரியாது. மேலே குரலும் தாளமும் நிரப்பிவிடும். மெதுவாக நகர்ந்து, கீழே ஓடும் பேஸ் வரியின்மேல் கட்டிய பாட்டு மட்டும் உயிரில்லாமல் போய்விடும். ஆல்பத்தில் ஒதுக்கப்படும் பாட்டுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

சோதித்துப் பார்க்க ஒரு பாட்டு சொல்கிறேன். ‘திருடா திருடா’ (1993) ஆல்பத்தில் சாகுல் ஹமீது பாடிய ‘ராசாத்தி என் உசுரு என்னதில்ல’. வாத்தியங்களை ஒதுக்கிவிட்டு, அவை இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் மனிதக் குரல்களை வைத்து ரகுமான் அமைத்தது அது. போன் ஸ்பீக்கரில் கேட்டால் முன்னால் ஒருவர் பாட, பின்னால் ஏதோ முனகல் போல இருக்கும். அதையே ஒரு சுமாரான வயர் இயர்போனில் கேளுங்கள். கீழ்ஸ்தாயியில் நிற்கும் ஆண் குரல்கள் தரையாக விரிவதும், மேலே பெண் குரல்கள் வந்து சேர்வதும், சாகுல் ஹமீதின் குரல் அந்த இரண்டுக்கும் நடுவில் தனியாக நிற்பதும் அப்போதுதான் புலப்படும். பாட்டு மாறவில்லை. முதல் தடவை கேட்காமல் போன பகுதி இரண்டாவது தடவை கேட்டது, அவ்வளவுதான்.

வயர் இயர்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு கேட்பதும், இரண்டு நண்பர்கள் ஆளுக்கொரு பக்கம் பகிர்ந்துகொள்வதும் கல்லூரிப் பேருந்துகளில் சாதாரணம். ஸ்டீரியோவில் பதிவான பாட்டில் இடப்பக்கம் கிட்டாரும் வலப்பக்கம் வயலினும் வைத்திருந்தால், ஆளுக்கொரு வாத்தியம் கேட்காமலே போய்விடும். போனின் அமைப்புகளில் அணுகல் வசதி என்ற பகுதிக்குள் ‘மோனோ ஆடியோ’ என்று ஒரு தேர்வு இருக்கும். பகிர்ந்து கேட்கும்போது அதை இயக்கிக்கொண்டால் இரண்டு பக்கமும் கலந்து இருவருக்கும் முழுப் பாட்டும் கிடைக்கும். தனியாகக் கேட்கும்போது மறக்காமல் அணைத்துவிட வேண்டும். மறந்தால் எல்லாப் பாட்டும் தட்டையாகக் கேட்கும். காரணம் தெரியாமல் இயர்போனை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

ஓடும் பேருந்தில் புதிய ஆல்பத்தைக் கேட்காதீர்கள். என்ஜின் சத்தம் கீழ்ஸ்தாயியை முழுதாக விழுங்கிவிடும். அதை ஈடுகட்ட ஒலியைக் கூட்டினால் காதுக்குக் கேடு. 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. 90 டெசிபெல்லுக்குப் போனால் அது வாரம் நான்கு மணி நேரமாகச் சுருங்கிவிடும். பேருந்துக்குத் தெரிந்த பாட்டு போதும். விட்டுப்போனதை நினைவே நிரப்பிக்கொள்ளும்.

செயலியின் அமைப்புகளில் மூன்றை மாற்றினால் போதும். பாட்டுகளை வரிசை கலைத்துப் போடும் ‘ஷஃபிள்’ அணைந்திருக்க வேண்டும். ஆல்பம் முடிந்ததும் தானாக வேறு பாட்டுக்குத் தாவும் ‘ஆட்டோபிளே’ அணைந்திருக்க வேண்டும். அது இயங்கினால், நீங்கள் கேட்ட புதிய பாட்டின் கடைசி ஸ்வரம் அடங்கும் முன் ஏற்கெனவே ஆயிரம் தடவை கேட்ட ஏதோ ஒன்றைக் கொண்டுவந்து போடும். ஒரு பாட்டின் முடிவையும் அடுத்ததன் தொடக்கத்தையும் கலந்துவிடும் ‘கிராஸ்ஃபேட்’ பூஜ்யத்தில் இருக்க வேண்டும். ஸ்பாட்டிஃபையில் அதை 12 வினாடி வரை வைக்க முடியும். தொடக்க இசை 20 வினாடிதான் என்ற பாட்டில் பாதிக்கு மேல் முந்தைய பாட்டின் வாலில் மூழ்கிவிடும். ஆல்பத்தை அது அமைந்த வரிசையில் கேட்பது பற்றிப் பெரிய கலைஞர்களுக்கும் கவலை இருந்திருக்கிறது. 2021 நவம்பரில் பாடகி அடெல் கேட்டுக்கொண்ட பிறகுதான், ஆல்பம் பக்கத்தில் ஷஃபிள் தானாகவே முன்னால் நிற்பதை ஸ்பாட்டிஃபை மாற்றியது. சில செயலிகளின் இலவசக் கணக்கில் வரிசையாகக் கேட்கத் தடைகள் உண்டு. அவர்களுக்கு எளிய வழி, இசை நிறுவனங்களே யூட்யூபில் ஏற்றும் ‘ஜூக்பாக்ஸ்’. முழு ஆல்பமும் ஒரே கோப்பாக ஓடும். பாட்டுக்குப் பாட்டு எண்ணிக்கை காட்டாது என்பது கூடுதல் நன்மை.

பழைய, அதிகம் கேட்கப்படாத பாடல்களைத் தேடும்போது வேறொரு சிக்கல் உண்டு. அதிகாரபூர்வமாகக் கிடைக்காத பாட்டை ரசிகர்கள் தங்கள் ஒலிநாடாவிலிருந்து எடுத்து ஏற்றியிருப்பார்கள். அந்த உழைப்புக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் நாடா ஓடிய வேகம் சரியாக இருந்ததா என்று பார்க்க வேண்டும். டெக்கின் வேகம் ஆறு சதவீதம் கூடினால் சுருதி அரை ஸ்வரம் ஏறிவிடும். நான்கரை நிமிடப் பாட்டு நாலேகால் நிமிடத்தில் முடியும். பாடகரின் குரல் இளைத்து, அவசரப்படுவது போலக் கேட்கும். ‘இந்தப் பாட்டில் இவர் குரல் நன்றாக இல்லை’ என்று சொல்லப்படும் சில பழைய பாட்டுகளின் உண்மையான குறை இதுதான். ஒரே பாட்டின் இரண்டு மூன்று பதிவுகளின் நீளத்தை ஒப்பிட்டுப் பார்த்தால் பத்து வினாடிக்கு மேல் வித்தியாசம் உள்ளது உடனே தெரிந்துவிடும். சரணம் வெட்டப்பட்ட படப் பதிவா, வேகம் மாறிய பதிவா என்பதைக் கேட்டு முடிவுசெய்யலாம். எதிரொலியும் அதிரும் பேஸும் சேர்த்து ‘8டி’ என்றும் ‘ரீமாஸ்டர்’ என்றும் பெயர் சூட்டி ரசிகர்கள் ஏற்றுபவற்றை முதல் தடவைக்குத் தொடவே வேண்டாம். பாட்டின் பெயரில் ழகரம் இருந்தால் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஆளுக்கு ஆள் மாறும். கிடைக்கவில்லை என்று கைவிடும் முன் இரண்டு மூன்று விதமாகவும் தமிழ் எழுத்திலும் தேடிப் பாருங்கள். பாட்டின் பெயரைவிடப் படத்தின் பெயரில் தேடி ஆல்பம் பக்கத்துக்குள் நுழைவது மேல். பாடகர் பக்கத்தில் நுழைந்தால் மறுபடி அந்த ஐந்து ஹிட்தான் முன்னால் வரும்.

சில பாட்டுகள் கதையின் இடம் தெரியாமல் ஒதுக்கப்படுகின்றன. ‘நாயகன்’ (1987) ஆல்பத்தில் ‘தென்பாண்டிச் சீமையிலே’ பாட்டைக் கேட்டுவிட்டு ‘நான் சிரித்தால் தீபாவளி’க்கு வருகிறவர், இது ஏன் பழைய கால பாணியில் இருக்கிறது என்று தாண்டிவிடுவார். கதையின் அந்தப் பகுதி நிகழ்வதே பல ஆண்டுகளுக்கு முன்னால். அந்தக் காலத்தைக் காதுக்குக் கொண்டுவர, அந்தக் காலத்திலேயே பாடிய கே. ஜமுனாராணியையும் எம்.எஸ். ராஜேஸ்வரியையும் இளையராஜா அழைத்துவந்து பாட வைத்தார். இதைத் தெரிந்துகொண்டு கேட்டால் ஒவ்வொரு வாத்தியமும் ஏன் அப்படி ஒலிக்கிறது என்று விளங்கும். ‘இருவர்’ (1997) ஆல்பமும் அப்படித்தான். ‘நறுமுகையே’ பாட்டை எல்லாரும் வைத்திருக்கிறார்கள். ‘ஹலோ மிஸ்டர் எதிர்க்கட்சி’யில் இருக்கும் ஜாஸ் இசையும், அரவிந்த்சாமியின் குரலில் வரும் ‘உன்னோடு நான் இருந்த’ என்ற கவிதை வாசிப்பும் பலருடைய பட்டியலில் இல்லை. பாட்டு இல்லை, வசனம்தானே என்று கவிதையைத் தாண்டிவிடுகிறார்கள். குரல் பேசும்போது பின்னால் இசை எவ்வளவு ஒதுங்கி நிற்கிறது என்று கவனித்தால் அது தனி அனுபவம்.

ஒன்றரை இரண்டு நிமிடமே ஓடும் துண்டுப் பாடல்களையும் விட்டுவிடாதீர்கள். ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) ஆல்பத்தில் மின்மினி பாடிய ‘சட்டென நனைந்தது நெஞ்சம்’ அப்படி ஒன்று. இரண்டாவது சரணம் இல்லாததால் அதை முழுமையடையாத பாட்டு என்று நினைக்கிறார்கள். சொல்ல வந்தது அவ்வளவில் முடிந்துவிட்டது என்பதே சரி.

திரைக்கு வெளியே தனியாகப் பாட்டு வெளியிடும் இளைஞர்களுக்கு இது காசுக் கணக்காகவும் ஆகிறது. 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை பங்குத்தொகை கொடுப்பதில்லை. ஒரு சிறிய கலைஞரின் ஆறு பாட்டில் ஒன்று மட்டும் அந்த வரம்பைத் தாண்டுவது நடக்கக்கூடியது. ஒரு பாட்டு பிடித்திருந்தால் மற்ற ஐந்தையும் ஒரு தடவை முழுதாக ஓடவிடுவது அவருக்குச் செய்யும் நேரடி உதவி.

வானொலிக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். பாட்டுக்கு முன் படத்தின் பெயர், எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு ஒலிபரப்பும் நல்ல வழக்கத்தை இலங்கை வானொலியிலும் விவித பாரதியிலும் தமிழ் நேயர்கள் கேட்டுப் பழகியிருக்கிறார்கள். மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் போன்றவர்களின் குரலில் கேட்ட பெயர்களை வைத்துத்தான் ஒரு தலைமுறை பாட்டைத் தேடிப் போனது. பெயர் தெரிந்தால்தானே அதே கவிஞரின் இன்னொரு பாட்டைத் தேட முடியும்? இன்றைய பண்பலை நிலையங்கள் ஒரு மணி நேரத்தில் ஒரே ஒரு பாட்டை, பிரபலமான ஓர் ஆல்பத்தின் கேட்கப்படாத பாட்டாக, இந்த நான்கு விவரங்களோடு ஒலிபரப்பலாம். நேயர்கள் ஓடிவிடுவார்கள் என்ற பயம் இருந்தால் அதை இரண்டு தெரிந்த பாட்டுகளுக்கு நடுவில் வையுங்கள், அதே பாட்டை அந்த வாரத்தில் மூன்று தடவை போடுங்கள்.

நாளிதழுக்கும் இதில் பங்கு உண்டு. புதிய ஆல்பம் வந்த மறுநாளே ஆறு பாட்டுக்கும் ஆறு வரியில் மதிப்பெண் போடும் விமர்சனத்தால் வாசகருக்குப் பெரிய பயன் இல்லை. அது ஒரே தடவை கேட்டுவிட்டு எழுதும் தீர்ப்பு. மாறாக, வாரம் ஓர் ஆல்பம், கால் பக்கம் ஒதுக்குங்கள். ஆண்டு, பாட்டுகளின் வரிசை, ஒவ்வொன்றின் நீளம், எழுதியவர், பாடியவர், படத்தில் இடம்பெற்றதா இல்லையா, இரண்டாவது இடையிசை எந்த நிமிடத்தில் தொடங்குகிறது, எந்தப் பாட்டுக்கு மூன்றாவது தடவை அவசியம் என்று இவ்வளவு போதும். ‘நிழல்கள்’, ‘தளபதி’, ‘பவித்ரா’ மூன்றையும் முதல் மூன்று வாரங்களுக்குப் பரிந்துரைக்கிறேன். நான்காவது வாரத்துக்கு இந்த ஆண்டு வந்த ஆல்பம் ஒன்றை, அது வெளியாகி ஒரு மாதம் ஆன பிறகு எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி.